ஹார்ட்வேர் லூப் ஒரே சுற்றில் நின்றுவிடுகிறதா?

நூறு சுற்று சுற்ற வேண்டிய ஹார்ட்வேர் லூப் (சுற்று எண்ணிக்கையைச் சிப்பே பார்த்துக்கொள்ளும் லூப்), கம்பைலரில் ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டதும் ஒரே சுற்றில் வெளியே வந்துவிடுகிறது. சிங்கப்பூர் ஒன்-நார்த் பக்கம் சிப் வேலையில் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் பலரும் கேட்பதால், எங்கள் எல்எல்விஎம் கம்பைலரின் பேக்எண்டில் (சிப்புக்கான கோடை உருவாக்கும் பகுதியில்) இதைச் சரிசெய்த வழியை எழுதுகிறேன். பில்ட் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: சோதனை நிரலுக்கு, அரே ஒன்றின் கூட்டுத்தொகை போதும். லூப்பின் வடிவத்தை மாற்றும் அன்ரோல், வெக்டரைஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

படி 2: ஜிடிபி டிபக்கர் பக்கம் போகாதீர்கள். பேக்எண்டைத் தனியாக ஓட்டும் எல்எல்சி-யில் மெஷின் வெரிஃபையரைப் போட்டு, ஒவ்வொரு பாஸுக்குப் (கோடை அலசும் அல்லது மாற்றும் ஒரு கட்டம்) பிறகும் அச்சிடச் சொல்லுங்கள். லூப் பிளாக் பிபி.2 என்றால், அடுத்துப் போகக்கூடிய பிளாக்குகளைச் சொல்லும் அதன் சக்சஸர் வரியில் பிபி.2, பிபி.3 இரண்டும் இருக்கும். பிளாக்கின் கடைசி இன்ஸ்ட்ரக்‌ஷனும் அதையே சொல்கிறதா? இரண்டும் முரண்படும் முதல் பாஸில் நிறுத்துங்கள். எங்களுக்கு அது, பிளாக்குகளை வரிசைப்படுத்தும் பிளாக் பிளேஸ்மென்ட்.

படி 3: பாஸைத் திட்டாதீர்கள், அது உங்கள் டார்கெட்டின் பேக்எண்ட் கோடைக் கேட்டுத்தான் நடக்கிறது. அந்தக் கோடில் உள்ள ரிமூவ்பிராஞ்ச் ஃபங்ஷன், லூப்பின் தொடக்கத்துக்குத் திரும்பும் லூப்-எண்ட் கட்டளையை அழித்துவிடுகிறது. இன்சர்ட்பிராஞ்சுக்கு அதைத் திரும்ப எழுதத் தெரியாமல் சாதாரண ஜம்ப்பைப் போடுகிறது, அல்லது ஒன்றுமே போடுவதில்லை.

இங்கே நிதானமாகப் படியுங்கள். பிளாக் எங்கே போகிறது என்று பாஸுக்குச் சொல்லும் அனலைஸ்பிராஞ்ச் ஃபங்ஷன் 'ஃபால்ஸ்' என்றால் "புரிந்தது", 'ட்ரூ' என்றால் "புரியவில்லை, கை வைக்காதே". தலைகீழாகத் தோன்றும், ஆனால் விதி அதுதான். ஃபால்ஸ் கொடுத்துவிட்டு இலக்கை நிரப்பாமல் விட்டால், பிளாக் அப்படியே அடுத்ததற்கு வழுக்கிப் போகிறது என்று பாஸ் நம்பிவிடும். அவசரத்துக்கு லூப்-எண்டைக் கண்டதும் ட்ரூ கொடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, குவால்காம் சிப்புக்கான ஹெக்ஸகன் பேக்எண்டைப் பாருங்கள்: கண்டிஷன் பட்டியலின் முதல் இடத்தில் ஆப்கோடையே (கட்டளையின் குறியீட்டையே) வைக்கிறார்கள், இன்சர்ட்பிராஞ்ச் அதைப் படித்து எண்ட்லூப்பை (அவர்களின் லூப்-எண்டை) மறுபடி எழுதுகிறது. லூப்-எண்டுக்கு எதிர்ப்பதம் இல்லாததால், கண்டிஷனைத் தலைகீழாக்கும் ரிவர்ஸ்பிராஞ்ச்கண்டிஷன் 'முடியாது' என்று சொல்ல வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பின்சேர்க்கை: பாலிடெக்னிக் மாணவி ஒருவர், எல்லாம் சரிசெய்தும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கும்போது லூப் ஓடுகிறது என்று எழுதியிருந்தார். அது வேறு பிழை. ஆர்ம் சிப்பில் லூப்பைத் தொடங்கும் கட்டளைகளில் டபிள்யூஎல்எஸ் பூஜ்யத்தைச் சோதித்துத் தாண்டும், டிஎல்எஸ் சோதிக்காது. உங்கள் ஹார்ட்வேர் இரண்டாவது ரகம் என்றால், லூப்புக்கு முன்பே ஒரு பிராஞ்ச் வைத்துவிடுங்கள்.

படி 4: சிக்கிய பாஸை மட்டும் ஓட்டும் எம்ஐஆர் (எல்எல்விஎம்மின் மெஷின் கோட் வடிவம்) டெஸ்ட் ஒன்றை, திருத்தத்தோடு ஒரே கமிட்டில் சேர்த்துவிடுங்கள்.