அடிபட்ட நாயோடு வரும் பிள்ளையையும் பாருங்கள்

கால்நடை மருத்துவராக, சக கால்நடை மருத்துவர்களுக்குச் சொல்கிறேன். நாயின் விலா எலும்பில் புது முறிவோடு ஆறிப்போன பழைய முறிவும் தெரிந்தால், தோலில் வட்டமாகச் சிகரெட் சூடு இருந்தால், "மாடியிலிருந்து விழுந்துடுச்சு" என்ற விளக்கத்தோடு விட்டுவிடாதீர்கள். கூட வந்த பிள்ளையும் அந்த வீட்டில் அடிபட்டுக்கொண்டிருக்கலாம். நியூ ஜெர்சியில் 53 குடும்பங்களைப் பார்த்து 1983-ல் வெளியான ஆய்வில், குழந்தைகளை அடித்து வதைத்த வீடுகளில் 88 சதவீதத்தில் வளர்ப்புப் பிராணிகளும் வதைபட்டிருந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

அப்பாவைப் பணம் கட்ட அனுப்பிவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, "டாமிக்கு என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். தன்னைப் பற்றி வாய் திறக்காத பிள்ளைகூட நாயைப் பற்றிப் பேசும். "அப்பா அடிச்சாரா?" என்று நீங்களே எடுத்துக்கொடுக்க வேண்டாம். துருவவும் வேண்டாம். "வெளியே சொன்னா நாயைக் கொன்னுடுவேன்" என்ற மிரட்டலிலேயே பிள்ளைகள் ஊமையாகிப் போவதுண்டு.

பிள்ளை சொன்னதை அதே வார்த்தைகளில், தேதியோடு எழுதி வையுங்கள். நாயின் காயங்களைப் படம் எடுங்கள். அப்பாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தக் கோபம் ராத்திரி பிள்ளைமேல்தான் இறங்கும்.

அப்புறம் 1098-க்கு அழையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும். ஆதாரம் கையில் வேண்டியதில்லை, சந்தேகமே போதும். பாலியல் கொடுமை என்று தெரிந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம்.