ஏற்காட்டுச் சரிவில் மிளகுக்கு ஆய்வுத்திடல் போடுவது எப்படி

புது உரமோ நுண்ணூட்டக் கலவையோ வந்தால் பலரும் செய்வது ஒன்றுதான். மேல்காட்டுக் கொடிகளுக்குத் தெளித்துவிட்டு, தெளிக்காத கீழ்காட்டோடு விளைச்சலை ஒப்பிடுவார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இந்தக் கணக்கு செல்லாது. சரிவில் இறங்க இறங்க மண்ணின் ஆழமும் ஈரமும் மாறும், நிழலும் மாறும். மேல்காடு கூடுதலாகக் காய்த்தால், காரணம் மருந்தா மண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு காட்டிலும் நூறு நூறு கொடி இருந்தாலும் அது ஒரே ஒரு ஒப்பீடுதான்.

ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், கோழிக்கோட்டு நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் பரிந்துரைகள் முறையான திடல்களில் சோதித்து வந்தவை. அதே முறையைச் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிய எந்தக் காப்பித் தோட்டத்திலும் சிறிய அளவில் செய்யலாம். நுண்ணூட்டத் தெளிப்பு விளைச்சலைக் கூட்டுகிறதா என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒரு திடலுக்கு ஒரு கேள்விதான். தெளிப்போடு உரத்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது.

முதல் வேலை கொடித் தேர்வு. பழைய தோட்டங்களில் பன்னியூர்-1, கரிமுண்டா என்ற மிளகு ரகங்கள் இரண்டும் கலந்தே இருக்கும். இலை பெரிதாக, அடி இதய வடிவில் இருந்து, சரமும் (மணிகள் பிடிக்கும் காம்பு) நீளமாக இருந்தால் பன்னியூர்-1. இலையும் சரமும் சிறியதாக இருந்தால் கரிமுண்டா. ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரக் கொடிகளை மட்டும் எடுங்கள். பன்னியூர்-1 அடர் நிழலில் சரியாகக் காய்க்காது. ஆகவே எல்லா மரங்களிலும் ஒரே மாதத்தில், ஒரே அளவுக்குக் கிளை கழித்துவிடுங்கள். மஞ்சளித்த கொடி, வாடல் நோய் வந்த இடத்தை ஒட்டிய கொடி, பாதையோரக் கொடி வேண்டாம்.

தேவை 64 கொடிகள். நான்கு கொடி சேர்ந்தது ஒரு பாத்தி, இரண்டு பாத்தி சேர்ந்தது ஒரு தொகுதி, மொத்தம் 8 தொகுதி. மலைத் திடலின் உயிரே தொகுதி அமைப்பதில்தான் இருக்கிறது. ஒரு தொகுதியின் இரண்டு பாத்திகளும் ஒரே மட்டத்தில், சரிவுக்குக் குறுக்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த தொகுதி அதற்கு மேலோ கீழோ வரலாம். இப்படிச் செய்தால் சரிவால் வரும் வித்தியாசம் தொகுதிகளுக்கு இடையே போய்விடும், ஒப்பீடு தொகுதிக்குள்ளேயே நடக்கும். இரண்டு பாத்திக்கும் நடுவே ஒரு கொடியைக் காவலாக விட்டுவிடுங்கள், மருந்துச் சாரல் அதோடு நிற்கும்.

எந்தப் பாத்திக்குத் தெளிப்பு என்பதைத் தொகுதிக்குத் தொகுதி காசு சுண்டி முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தால் கை நல்ல கொடியின் பக்கமே போகும், எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும். அடையாளத்துக்கு அலுமினியத் தகட்டில் ஆணியால் எண்ணைக் கீறிச் சில்வர் ஓக்கில் கட்டுங்கள். மார்க்கர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும், கொடியில் கட்டிய கம்பி தண்டை அறுக்கும். தகட்டில் எண் மட்டும் போதும். எந்த எண்ணுக்கு மருந்து என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும், பறிப்பவருக்குத் தெரிய வேண்டாம்.

மருந்து தெளிக்காத பாத்திக்கு அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீரைத் தெளித்தாக வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். மிளகுச் சரத்தில் மகரந்தம் பரவ நீர்த்துளி உதவுகிறது. சரம் விடும் பருவத்தில் மழை இடைவெளி விட்டால் தண்ணீர்த் தெளிப்பே காய்ப்பிடிப்பைக் கூட்டக்கூடும். வெறும் கொடியோடு ஒப்பிட்டால் தண்ணீரின் பலனும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். கைத்தெளிப்பானில் முதலில் தண்ணீர்ப் பாத்திகளை முடித்துவிட்டுப் பிறகு மருந்தைக் கலக்குங்கள். கலவை அளவு பொட்டலத்தில் உள்ளபடி. இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், காற்றடிக்கும் நேரம் கூடாது. உரம், கவ்வாத்து, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) எல்லாம் இரு பாத்திக்கும் ஒன்றுபோலவே.

சரம் எண்ணுவதற்கு அரை மீட்டருக்கு அரை மீட்டர் மூங்கில் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். நெஞ்சு உயரத்தில், கொடியின் கிழக்கிலும் மேற்கிலும் வைத்து உள்ளே விழும் சரங்களை எண்ணுங்கள். கொடிக்குப் பத்துச் சரத்தை அளந்து, நீளம், திரண்ட மணி, திரளாத மணி என்று தனித்தனியே எழுதுங்கள். விளைச்சல் கூடினால், கூடியது சரமா மணியா என்று இதிலிருந்துதான் தெரியும்.

சரத்தில் ஓரிரு மணி பழுத்துச் சிவக்கும்போது பறிப்பு. பறிப்பதற்கு முன் அடியில் சாக்கு விரித்து, உதிர்ந்த மணியையும் அந்தக் கொடியின் கணக்கில் சேருங்கள். ஒரு தொகுதியை ஒரே ஆள் ஒரே நாளில் பறித்து முடிக்க வேண்டும். உச்சிச் சரங்களை விட்டுவிடும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பாத்தியை ஒருவரும் மற்றதை இன்னொருவரும் பறித்தால் ஆளின் வித்தியாசம் மருந்தின் வித்தியாசம் போலத் தெரியும்.

மணி உதிர்த்துப் பச்சை எடையைக் குறித்த பிறகு, பாத்திக்கு ஒரு கிலோ மாதிரி எடுங்கள். கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் நிறம் ஒரே கறுப்பாக வரும், சீக்கிரமும் காயும். இரண்டாவது மாதிரியைப் போடுமுன் தண்ணீர் மறுபடி கொதிக்கட்டும். அவசரப்பட்டால் பின்னால் போட்டவை பழுப்பாக வரும். பறிப்புக் காலத்தில் ஏற்காட்டில் காலை மூட்டம் விலகவே நேரமாகும். அதனால் ஒரு தொகுதியின் இரண்டு மாதிரிகளையும் ஒரே களத்தில் ஒன்றாகவே காயவையுங்கள். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுங்கள். ஒரு கிலோ பச்சை மிளகுக்கு ஏறத்தாழ 330 முதல் 350 கிராம் கிடைக்கும். 450 வந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். கூடவே லிட்டர் எடையும், அதாவது ஒரு லிட்டர் அளவில் கொள்ளும் மிளகின் எடையும் பாருங்கள். சந்தையில் லிட்டருக்கு 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு.

எண்ணெயும், காரம் தரும் பைப்பரினும் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் 250 கிராம் முழு மிளகாகவே அனுப்புங்கள். அரைத்தால் எண்ணெய் பறந்துவிடும். ஈரப்பதத்தை டொலுவீன் முறையில் (டொலுவீன் கரைப்பானோடு கொதிக்கவைத்து நீரைத் தனியே பிரித்து அளப்பது) பார்க்கச் சொல்லுங்கள். 105 டிகிரி சூட்டடுப்பில் நீரோடு எண்ணெயும் ஆவியாகி, ஈரம் கூடுதலாகக் காட்டும்.

இனி கணக்கு. பாத்தியின் பச்சை எடையை அதன் மாதிரி காய்ந்த விகிதத்தால் பெருக்கினால் உலர் எடை வரும். ஒவ்வொரு தொகுதியிலும் மருந்துப் பாத்தியின் கொடிச் சராசரி உலர் எடையிலிருந்து தண்ணீர்ப் பாத்தியின் சராசரியைக் கழியுங்கள். மாதிரிக்கு, எட்டு வித்தியாசங்கள் 120, −40, 200, 80, 150, −10, 90, 170 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 95, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 84. அதை எட்டின் வர்க்கமூலமான 2.83-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30. 95-ஐ 30-ஆல் வகுத்தால் 3.2. எட்டுத் தொகுதிக்கு இந்த எண் புள்ளியியல் அட்டவணை (t அட்டவணை) தரும் 2.36-ஐத் தாண்டினால் வித்தியாசத்தை நம்பலாம். தாண்டாவிட்டால், சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தற்செயலாக இருக்க வாய்ப்புண்டு.

மிளகு ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஓயும். அதனால் மூன்று அறுவடையாவது பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். நடுவில் கொடி செத்தால் வேறொன்றைச் சேர்க்காதீர்கள். மீதி மூன்றின் சராசரியை எடுத்துக்கொண்டு, செத்த தேதியையும் காரணத்தையும் எழுதிவையுங்கள். காட்டெருமை முறித்ததும் வேர் அழுகி வாடியதும் நோட்டில் வேறு வேறாக இருக்கட்டும். தெளித்த பாத்திகளிலேயே வாடல் கூடுதலாக வந்தால், அது விளைச்சலைவிட முக்கியமான செய்தி.