கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? வில் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்பு தவறினால் வில்லைக் குறை சொல்லக் கூடாது என்பது வில்வித்தை மைதானத்தின் எழுதாத சட்டம். சொன்னால், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று ஓட்டிவிடுவார்கள். அதற்குப் பயந்தே மூன்று வாரத்தை வீணடித்தேன். 50 மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்துகொண்டிருந்த அம்புகள் திடீரென்று மேலும் கீழுமாகச் சிதறின. தோளை மாற்றினேன், விரல் பிடியை மாற்றினேன். கடைசியில் அளந்து பார்த்தால், புதிதாகப் போட்ட நாண் நீண்டு, பிரேஸ் ஹைட் 9 அங்குலத்திலிருந்து எட்டரைக்கு இறங்கியிருந்தது. வில்லின் சத்தம் கூடியதையும், நாண் முன்கையில் அடித்ததையும் கவனித்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

பிரேஸ் ஹைட் என்பது நாணுக்கும் கைப்பிடியின் உட்குழிவுக்கும் உள்ள தூரம். நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த 68 அங்குல ரிகர்வ் வில்லுக்குப் பொதுவாக எட்டரை முதல் ஒன்பதேகால் அங்குலம் வரை இருக்கலாம். குறைந்தால் அம்பு நாணோடு கொஞ்சம் கூடுதல் நேரம் ஒட்டியிருக்கும். விரலின் சிறு பிசகும் அதோடு சேர்ந்து போகும். சரிசெய்ய, நாணை இறக்கி ஒரு முனையைக் கழற்றி, ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே இன்னும் சில சுற்று முறுக்கினால் போதும். புது நாண் போட்ட அன்றே எல்லாவற்றையும் டியூன் செய்வது வீண் வேலை. கொஞ்ச நாள் எய்து, நாண் நீண்டு அடங்கட்டும்.

நாணை முறுக்கினால், அம்பை நாணில் பூட்டும் இடமான நாக்கிங் பாயிண்டும் இடம் மாறும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். 70 சென்டிமீட்டர் அம்பின் பின்முனை 1 மில்லிமீட்டர் ஏறினால், வெறும் கோணக் கணக்கில், 70 மீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர் வித்தியாசம். நிஜ அம்பு இவ்வளவு நேராகக் கணக்குக்கு அடங்காதுதான். ஆனால் ஒலிம்பிக் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே 12.2 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சிடி.

அம்பு பூட்டும் இடத்தில் நாணைச் சுற்றியிருக்கும் நூலான சர்விங் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அம்பை நாணில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, நாணை விரலால் தட்டுங்கள். தட்டியதும் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் தளர்வு, தட்டியும் விழாவிட்டால் இறுக்கம். வேக்ஸை இந்த நூலின் மேல் பூசாதீர்கள். அது நாணின் மற்ற இழைகளுக்கு, அவை பிசிறு தட்டும்போது.

நாணேற்ற உதவும் கயிறான ஸ்ட்ரிங்கரை வாங்கச் சோம்பல்பட்டு, காலுக்கு இடையில் வில்லை வளைத்து நாணேற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வில்லின் வளையும் கையான லிம்ப் முறுக்கிக்கொண்டால் மீட்பது கஷ்டம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுப்போவதும் அதே ரகம். லிம்பின் அடுக்குகளை ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும். வீட்டுக்கு வரும் விருந்தாளி ஆசையாக எடுத்து, அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுவிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் லிம்பில் இறங்கும். அப்படி நடந்துவிட்டால் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் மறுபடி நாணை இழுக்காதீர்கள்.

ஒவ்வொரு எய்தலின் அதிர்விலும் திருகுகள் தளரும். வில்லை ஆடாமல் நிறுத்தும் தண்டான ஸ்டெபிலைசர் தளர்ந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் முனையான பிளஞ்சரின் பூட்டுத் திருகு சத்தமே போடாது. அம்புகள் மெல்ல இடமோ வலமோ நகரும், நாம் குறிபார்க்கும் சைட்டைத் திருகித் திருகி ஈடுகட்டிக்கொண்டிருப்போம். சைட்டைத் தொடும்முன் திருகை இறுக்கும் ஆலன் கீயை எடுங்கள். இரண்டு மூன்று அமைப்புகளை ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

இப்போது என் கீழ் லிம்பின் உட்பக்கத்தில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டியிருக்கிறது. பிரேஸ் ஹைட், நாக்கிங் பாயிண்ட் உயரம், அளந்த தேதி. முதல் அம்புக்கு முன்னால் அளவுகோல், அப்புறம்தான் தோள்.