அந்த ஜூலையில் ஆற்றில் தண்ணீர் இல்லை: காணாமல் போனவர் வழக்கை விடாமல் நடத்துவது எப்படி

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2012 ஜூலையில் என் அக்கா காணாமல் போனாள். தஞ்சாவூர் மாவட்டத்தில், வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் அவள் புகுந்த வீடு. இன்றுவரை ஆளும் இல்லை, உடலும் இல்லை. மனு நகல் எடுக்க வருகிறவர்களில் வருஷத்துக்கு ஒருவராவது இதே மாதிரி கதையோடு வந்து நிற்கிறார். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது. சி.எஸ்.ஆர். சீட்டு என்பது மனு வந்ததற்கு அத்தாட்சி, வழக்கு இல்லை. அப்பா அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் அலைந்தார். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட் கோர்ட்.

புகாரில் அடி உதை, நகைச் சண்டை, கடைசியாகப் பேசிய நாள், யார் மேல் சந்தேகம் எல்லாம் இருக்கட்டும். நாங்கள் மானத்துக்குப் பயந்து மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டோம். வழக்கு 'பெண் காணவில்லை' என்ற தலைப்பிலேயே தூங்கியது. பின்னால் சந்தேகத்தைச் சொன்னபோது, "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அழைப்பு விவரங்களை செல்போன் கம்பெனிகள் இப்போது 2 வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்போது 1 வருஷம். நாங்கள் கேட்கும்போது 14 மாதம் ஓடியிருந்தது. முதல் வாரத்திலேயே காணாமல் போனவர், சந்தேகத்துக்குரியவர் இரண்டு பேர் எண்ணுக்கும் அழைப்பு, டவர் விவரங்களை வாங்கி வைக்கும்படி ஸ்டேஷனில் எழுத்தில் கேளுங்கள்.

இனி முக்கியமான வேலை. அந்த வீட்டார் சொல்கிற ஒவ்வொரு கதையையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். முதல் வாரம், "யாரோடோ போய்விட்டாள்" என்றார்கள். தீபாவளி சமயம் பஞ்சாயத்தில் கதை மாறியது: "குளிக்கப் போனவள் ஆற்றோடு போயிருப்பாள்."

ஆற்றில் ஏது தண்ணீர்? அந்த வருஷம் மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 17. ஜூலையில் வெண்ணாற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே தெரியும், ஆனால் கோர்ட்டுக்குக் காகிதம் வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த மாதத்து நீர்த்திறப்புப் பதிவேட்டைக் கேட்டேன். இப்போது நீர்வளத்துறைக்கு எழுத வேண்டும். கெடு 30 நாள். வழக்குக் கோப்பைக் கேட்டால் விசாரணை கெடும் என்று மறுக்கலாம். தண்ணீர்க் கணக்குக்கு அந்தச் சாக்கு இல்லை. தேதி வாரியாக வரிசையாகப் பூஜ்யம் வந்தது. அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

தண்ணீர் ஓடிய மாதம் என்றால் ஆற்றின் போக்கிலேயே போய்த் தேடுங்கள். உடல் மதகுச் சட்டர்ஸில் ஒதுங்கும். எங்கள் பக்கம் அது மூணாறு தலைப்பு மதகு. கீழே உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அடையாளம் தெரியாத உடல்களின் விவரத்தைப் பாருங்கள். ரயில்வே போலீஸில் தனியாகக் கேட்க வேண்டும்.

ரேஷன் கார்டையும் விடாதீர்கள். அக்கா காணாமல் போன எட்டாவது மாதமே அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். திரும்பி வருவாள் என்று நினைக்கிறவன் செய்கிற வேலையா அது? நீக்கல் மனுவில் என்ன காரணம் எழுதினார்கள் என்று பார்த்து, அதைக் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள்.

உடல் இல்லாமல் கொலை வழக்கு நிற்காது என்பது டீக்கடைச் சட்டம். சுப்ரீம் கோர்ட் 1981-லேயே அப்படி இல்லை என்று சொல்லிவிட்டது. வீட்டுக்குள் நடந்ததை வீட்டில் இருந்தவர்தான் விளக்க வேண்டும் என்ற பிரிவும் உண்டு (பழைய சாட்சியச் சட்டம் 106). ஆனால் அன்றிரவு அவள் அங்கே இருந்தாள் என்று அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டும். ஆகவே கடைசியாகப் பார்த்த பக்கத்து வீட்டு அத்தையைப் பிடியுங்கள். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் வாங்கக் கேளுங்கள்.

ஹைகோர்ட் விஷயத்தில் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். நான் திருவாரூர் மாவட்டம் என்பதால் சென்னைக்கு அலைந்தேன். சம்பவம் தஞ்சாவூர் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. ஆட்கொணர்வு மனு போட்டால் போலீஸ் அறிக்கை வரும். கொலைச் சந்தேகம் என்றால் பெரும்பாலும் அதோடு முடித்துவிடுவார்கள். விசாரணையை சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கேட்பது தனி மனு. ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்தால் வழக்கை மூடுகிறார்கள் என்று பொருள். உடனே ஆட்சேப மனு போடுங்கள்.

7 வருஷம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கிறது. அது சொத்து, சான்றிதழ் விவகாரத்துக்கு. கொலை வழக்குக்குக் காலக்கெடு கிடையாது.

இரண்டு பொருளைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்று, பல் தெரியச் சிரிக்கும் போட்டோ. மண்டை ஓடு கிடைத்தால் அதோடு பொருத்திப் பார்ப்பார்கள். அக்கா கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் கிடைத்தது. இன்னொன்று, டி.என்.ஏ.வுக்குத் தாயின் ரத்த மாதிரி. எங்கள் அம்மாவுக்கு 74. போன மாதம் மனுவோடு கூட்டிப் போனேன்; அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.