தீபாவளி இரவில் தீயணைப்பு நிலையத்தை அழைக்கும் முறை
தீபாவளி இரவில் மதுரைத் தீயணைப்பு வீரர்கள் ஓர் அழைப்பை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடக்கூடும் என்பதால், 101 அல்லது 112 எண்ணில் பேசுபவர் தெருப்பெயர், அருகிலுள்ள அடையாளம், எரியும் பொருள், உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா என்பவற்றைத் தெளிவாகச் சொல்லி, எதிர்முனையில் கேட்டு முடிக்கும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும். 'மாசி வீதி' என்று மட்டும் சொன்னால் போதாது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி நான்கு மாசி வீதிகள் இருப்பதால், கீழ, மேல, வடக்கு, தெற்கு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிறகு ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழிகாட்ட, மற்றவர்கள் (வேடிக்கை பார்ப்பவர்களும்தான்) சந்து வழியை அடைத்து நிற்கும் இருசக்கர வாகனங்களை அகற்றட்டும். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல், அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள். தீ அதற்குள் அணைந்துவிட்டால், அதையும் உடனே தெரிவியுங்கள்.