பிரம்பு முதுகு நாற்காலி: பின்னுவதற்கு முன்பே செய்துவிடும் தவறுகள்

பிரம்பு முதுகு தொய்ந்துபோனால் பின்னியவரைத்தான் குறை சொல்வோம். ஆனால் பல சமயம் கோளாறு சட்டத்தில் இருக்கும். நனைந்த பிரம்பு காயக் காய நாலு சட்டத்தையும் உள்ளே இழுக்கும். அதன்மேல் சாய்கிறவரின் எடை வேறு. இரண்டையும் தாங்க வேண்டியது மரம்தான்.

ஈரம் போகாத தேக்கில் கழுந்து, அதாவது இன்னொரு சட்டத்தின் துளைக்குள் செருகும் முனை, செதுக்காதீர்கள். மரம் அகலவாக்கில்தான் சுருங்கும். காய்ந்ததும் கழுந்து இளைத்துத் துளைக்குள் ஆடும். ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை பொறுப்பது நல்லது.

பின்காலை நேர்ப்பலகையில் வளைவாக வரைந்து அறுப்பது அடுத்த தவறு. வளைவு கூடக் கூட அங்கே நார் குறுக்கே அறுபடும், சாயும்போது கால் ஒடிவதும் அங்கேதான். நாரோட்டம் வளைவோடு போகும் பலகையைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் வளைவைக் குறையுங்கள். இருக்கைச் சட்டம் பின்காலில் சேரும் இணைப்பை ஆணியை நம்பி விடவே கூடாது.

சரி, இனி துளைகள். அவசரம் அதிகம் கெடுப்பது இங்கேதான். 2.5 மி.மீ. பிரம்புக்கு 5 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 16 மி.மீ. இடைவெளி சரியாக வரும். நெருக்கிப் போட்டால் சட்டம் தபால்தலை ஓரம்போல ஆகி, நாரோட்டத்திலேயே பிளக்கும். துளை வாயின் கூர்மையை உப்புத்தாளால் மழுக்காவிட்டால் பிரம்பை அதுவே அறுத்துவிடும். மேல்சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் நடுத்துளையைக் குறித்து, இரண்டு பக்கமும் எண்ணிக்கொண்டு போங்கள். முதுகு மேலே அகலமாக இருந்தால் ஓரத்து இழைகளைப் பக்கச் சட்டத்தில் இறக்க வேண்டும். கீழ்ச்சட்டத்தில் திணித்தால் இழைகள் விசிறிபோல விரிந்து கட்டம் கோணும்.

பாலிஷைப் பின்னலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பின்னிய பிறகு பூசினால் பிரம்பெல்லாம் கறை.

பிரம்பை இருபது நிமிடம் போல நனைத்தால் போதும். நாள் முழுக்க ஊறினால் நிறம் மங்கி நார் பிரியும். பளபளப்பான பக்கம் எப்போதும் சாய்கிற முன்புறத்தில் இருக்கட்டும். நெட்டுக்கு இரண்டு, குறுக்குக்கு இரண்டு, மூலைவாட்டத்துக்கு இரண்டு என ஆறு சுற்று வரும். என் முதல் நாற்காலியில் முதல் சுற்றையே வீணைத் தந்திபோல முறுக்கிக் கட்டினேன். அடுத்தடுத்த சுற்றுகள் நுழைய நுழைய இறுக்கம் ஏறி, பக்கச் சட்டம் உள்வாங்கிவிட்டது. பின்னலை அறுத்துச் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. முதல் இரண்டு சுற்றையும் விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும்படி விடுங்கள். மூலைவாட்டம் முடியும்போது தானாக விறைக்கும்.

அப்புறம் எப்போதாவது முதுகு லேசாகத் தொய்ந்தால் உடனே பிரித்துவிடாதீர்கள். பளபளப்பான தோல் தண்ணீரை ஏற்காது. அதனால் பிரம்பின் உட்பக்கம் தெரியும் முதுகின் பின்புறத்தில் ஈரத்துணியை ஒற்றி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். இழை அறாமல் இருந்தால் பின்னல் மறுபடி இறுகும்.