பனியன் கம்பெனிகளில் தொழிலாளர் மனநலம்: நிர்வாகம் செய்ய வேண்டியவை

திருப்பூரில் ஐம்பது, நூறு பேரை வைத்துத் தையல் யூனிட் நடத்துபவர்களிடம் தொழிலாளர் மனநலம் பற்றிப் பேசினால், ஆண்டுக்கொருமுறை ஒரு மருத்துவரை அழைத்துக் கூட்டம் போடுவதைத்தான் பெரும்பாலும் நினைக்கிறார்கள். கூட்டம் நடக்கட்டும். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள், தனிமனிதருக்கான உதவியோடு நின்றுவிடாமல், வேலை நடக்கும் முறையையே மாற்றவும் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி தரவும் பரிந்துரைக்கின்றன. வேலை நேரத்தையும் சூப்பர்வைசரின் பேச்சையும் அப்படியே விட்டுவிட்டு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லித் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆகவே, நேரத்திலிருந்து தொடங்குங்கள். காலை எட்டரை முதல் இரவு எட்டரை வரை நீளும் ஒன்றரை ஷிப்ட் ஊரில் பழகிப்போன ஒன்று. அதைவிடவும் மனிதரைக் கலங்கடிப்பது, முன்கூட்டிச் சொல்லாமல் வரும் இரவு வேலை. மாலை நான்கு மணிக்கு வந்து “இன்னைக்கு நைட் இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் நகர்ந்துவிடுகிறார். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் பெண்ணுக்கோ, பள்ளிவிட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பது, வீட்டில் சமையலுக்கு என்ன செய்வது, மறுத்தால் நாளை எந்த மெஷினுக்கு மாற்றுவார்கள் என்ற கவலைகள் அந்த நொடியே தொடங்கிவிடுகின்றன. ஓ.டி. (மிகைநேர வேலை) தேவைப்படும் நாட்களை வாரத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிடுங்கள். வர இயலாதவர் காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்பதையும் அதே பலகையில் எழுதுங்கள். மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்பது சட்டம் என்பதால், அதைக் கணக்கில் காட்டித் தர வேண்டும். ஆர்டரை ஏற்கும்போதே லைனின் (வரிசையாக உட்கார்ந்து தைக்கும் குழுவின்) உண்மையான உற்பத்தித் திறனைக் கேட்டு ஷிப்மென்ட் தேதி பேசினால், இந்தச் சிக்கலில் பாதி எழாது.

அடுத்தது சூப்பர்வைசர். டார்கெட் குறைந்தால் லைன் முழுவதும் கேட்கும்படி திட்டுவது நிர்வாகத் திறமை அல்ல என்பதை முதலாளியே நேரில் சொல்ல வேண்டும். கீழே யாரும் சொல்லி அது நடக்காது. ஆல்டர் (தையல் பிழையால் திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) வந்தால் மெஷின் அருகே சென்று, அந்தப் பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பற்றி மட்டும் பேசப் பழக்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் பெயர்கள் கழிப்பறைச் சுவரிலும் சாப்பாட்டு அறையிலும் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

ஒருவர் தளர்ந்துபோவது பெரும்பாலும் வேலையிலேயே தெரியும். சீராகத் தைத்தவரிடம் திடீரென ஆல்டர் பெருகும். சேர்ந்து சாப்பிட்டவர் தனியே ஒதுங்குவார். திங்கட்கிழமை விடுப்புகள் கூடும். அப்போது அவரை அலுவலகத்துக்கு அழைக்காதீர்கள். அழைத்தாலே வேலை போகப்போகிறது என்று நினைப்பார். டீ நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று, “ரெண்டு நாளா முகமே சரியில்லையேம்மா, தூக்கம் வருதா?” என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். “கஷ்டம் யாருக்குத்தான் இல்லை” என்ற வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது. அது பேச்சை அங்கேயே முடித்துவிடும். கேட்டது லைனுக்குள் பரவினால், அடுத்து யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்குத் தமிழ் தெரியாத சூழலில் தனிமை இன்னும் கடுமையாகிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக எந்நேரமும் அழைக்கலாம். அதில் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் பேச முடியும். அந்த எண்ணை மூன்று மொழிகளிலும் விடுதி வாசலில் எழுதி வையுங்கள். வேலை நேரத்தில் கைப்பேசியை வாங்கி வைக்கும் வழக்கம் இருந்தால், அழைப்பதற்கு வழி செய்து கொடுங்கள்.

யாரேனும் சாகலாம் போலிருக்கிறது என்று சொன்னால், நேரடியாகவே கேளுங்கள்: “தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் தனியே விடாமல், அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் வழக்காகிவிடும் என்று தயங்க வேண்டாம்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

சிகிச்சைக்கான விடுப்பு, காய்ச்சலுக்கான விடுப்பைப் போலவே எளிதாகக் கிடைக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில்) இருப்பவர் மருத்துவச் சான்றோடு, பங்களிப்பு நிபந்தனைகள் நிறைவேறினால், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் பெறலாம். இதற்கான தாள்களை நிரப்ப அலுவலகத்தில் ஒருவர் உதவ வேண்டும். திரும்பி வருபவரைப் பரிவு என்ற பெயரில் டைலரிலிருந்து ஹெல்பராக இறக்கிக் கூலியைக் குறைத்துவிடாதீர்கள். முதல் சில வாரங்களுக்கு எட்டு மணி நேரம் மட்டும், ஓ.டி. இல்லாமல், அவர் பழகிய அதே மெஷினில், அவரோடு ஒத்துப்போகும் ஆட்களின் அருகில் உட்கார வையுங்கள். மருந்து தூக்கத்தைத் தருகிறதா என்று அவரிடமே கேட்டு, கட்டிங் போன்ற ஆபத்தான வேலைகளைத் தள்ளி வையுங்கள்.